மூட்டை தூக்கும் இடத்தில் என்ன பிழை? அறிகுறியை வைத்துச் சுமையளவைத் திருத்தும் வழி

அரிசி ஆலை, உர ஸ்டோர், சீமெந்துக் கடை, மீன் வாடி. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எங்கே போனாலும் கோளாறு ஒரே மாதிரித்தான் வருகிறது. அறுவடை சூடு பிடித்து இரண்டாம் கிழமையில் ஆள் குறையும். நிற்கிறவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். "மூட்டை பாரம், என்ன செய்ய?" என்று அதோடு கதை முடிந்துவிடும். மூட்டையின் எடை இந்தக் கணக்கில் ஒரு பாகம்தான். அது கிடக்கிற உயரம், உடம்பிலிருந்து தள்ளியிருக்கிற தூரம், நிமிடத்துக்கு எத்தனை என்ற எண்ணிக்கை, இவை மூன்றையும் பெரும்பாலும் செலவில்லாமலே மாற்றலாம். மாற்றியும் தீராத இடத்தில்தான் பணம் செலவழிக்க வேண்டும்.

கீழே உள்ளது வேலையை மேற்பார்வை பார்ப்பவருக்கு. உங்கள் இடத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியில் உள்ள எண்கள் எல்லாவற்றுக்கும் தேவைப்படும்.

## கையில் இருக்க வேண்டியவை, மனதில் இருக்க வேண்டிய எண்கள்

ஒரு அளவு ரேப், மீன் கடையில் இருக்கிற மாதிரி ஒரு கொக்கித் தராசு, சோக்குக் கட்டி, நேரம் பார்க்க ஒரு போன். இவ்வளவும் போதும்.

பிரித்தானிய சுகாதார, பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி அளவுகள் வடிகட்டிப் பார்க்க வசதியானவை. முதல் எண் சுமை உடம்போடு ஒட்டியிருக்கும்போது, இரண்டாவது கை நீட்டியிருக்கும்போது. எல்லாம் கிலோவில்.

- தோளுக்கு மேலே: ஆண் 10 / 5, பெண் 7 / 3
- முழங்கைக்கும் தோளுக்கும் இடையில்: ஆண் 20 / 10, பெண் 13 / 7
- தொங்கவிட்ட கையின் மொளியிலிருந்து முழங்கை வரை: ஆண் 25 / 15, பெண் 16 / 10
- அதற்குக் கீழே, கெண்டைக்கால் நடு வரை: ஆண் 20 / 10, பெண் 13 / 7
- தரையோடு: ஆண் 10 / 5, பெண் 7 / 3

ஒரு தூக்கலில் கை இரண்டு மூன்று மட்டங்களைக் கடந்தால், அவற்றில் சின்ன எண்ணையே எடுங்கள். இந்த அளவுகள் மணித்தியாலத்துக்கு 30 தடவை வரை, இரண்டு கையாலும், நல்ல தரையில் நின்று தூக்குவதற்கு. நிமிடத்துக்கு ஒன்று இரண்டு தடவை என்றால் 30 சதவீதம் கழியுங்கள். ஐந்து முதல் எட்டு என்றால் பாதி. 12க்கு மேல் போனால் 80 சதவீதம் போய்விடும். தூக்கும்போது உடம்பை 45 பாகை திருப்பினால் 10 சதவீதமும், 90 பாகை திருப்பினால் 20 சதவீதமும் இன்னும் குறையும்.

இது நம்முடைய நாட்டுச் சட்டம் சொல்லும் எல்லை அல்ல. இதைத் தாண்டினால் உற்றுப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். இரண்டு மடங்கைத் தாண்டினால், நல்ல உடம்புள்ள, பழகிய ஆளுக்கும் ஆபத்து.

"55 கிலோ வரை தூக்கலாம் என்று உலகச் சட்டம் இருக்கு" என்று சில முதலாளிமார் சொல்வார்கள். சர்வதேச தொழில் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்வது வேறு. ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் உச்ச அளவு 55க்கு மேல் இருக்கிற நாடுகள் அதைச் சீக்கிரம் 55க்கு இறக்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ளது. 55 வரை பாதுகாப்பு என்று அது எங்கும் சொல்லவில்லை.

## அறிகுறி: பின்னேரம் இடுப்புப் பிடிக்கிறது, காலையில் கொஞ்சம் விடுகிறது

மிகக் கூடுதலாக வருவது இதுதான். பார்க்க வேண்டிய ஒழுங்கு இது.

### மூட்டை தரையில் கிடக்கிறதா?

இதை முதலில் பாருங்கள். தரையிலிருந்து ஆணுக்கு 10 கிலோ, பெண்ணுக்கு 7 கிலோ. ஒரு 25 கிலோ அரிசி பேக் தரையில் கிடந்தாலே இரண்டரை மடங்கு தாண்டிவிட்டது, அதைத் தூக்குகிறவர் முழங்காலை மடக்கினாலும் சரி, மடக்காவிட்டாலும் சரி.

திருத்தம்: வெற்றுப் பல்லட்டுகளை அடுக்கி அதன் மேல் மூட்டையை இறக்குங்கள். மரப் பல்லட் ஒன்றின் உயரம் 14, 15 செ.மீ. மட்டில் வரும். நாலு பல்லட்டும் அதன் மேல் ஒரு அடுக்கு மூட்டையும் இருந்தால், கை பிடிக்கும் இடம் 70 செ.மீ.ஐத் தாண்டிவிடும். பல்லட் இல்லையென்றால் சீமெந்துக் கல்லும் பலகையும் வைத்து ஒரு திண்ணை கட்டலாம். ஆட்டிப் பார்த்துவிட்டே பாரம் ஏற்றுங்கள்.

### கால் கிட்டப் போகிறதா?

இரண்டு கணுக்காலுக்கும் நடுவில் சோக்கால் ஒரு புள்ளி போடுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து மூட்டையைப் பிடிக்கும் கை வரை நிலத்தோடு கிடையாக அளங்கள். 25 செ.மீ. என்றால் மிக நன்று. 40ஐத் தாண்டினால் ஏதோ ஒன்று காலைத் தடுக்கிறது. பல்லட்டின் விளிம்பு, சிந்திய நெல், அடுத்த வரிசை மூட்டை, சில இடங்களில் தராசின் கால். அதை நகர்த்துங்கள். இரண்டாம் வரிசை மூட்டையை எட்டிப் பிடிக்கிற பழக்கம் இருந்தால், முன் வரிசைக்கு இழுத்து வைத்த பிறகே தூக்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

### லொறி முதுகுக்குப் பின்னால் நிற்கிறதா?

இடம் மிச்சம் என்று லொறியை அடுக்கோடு ஒட்டி விடுவார்கள். அதனால் கால் நின்ற இடத்திலேயே நிற்க இடுப்பு மட்டும் திரும்பும். லொறியை ஒன்றரை, இரண்டு மீற்றர் தள்ளி நிறுத்தினால் ஆள் தானாகவே அடி எடுத்து வைத்துத் திரும்புவார். "இடுப்பைத் திருப்பாதே" என்று நாள் முழுக்கக் கத்துவதை விட இது இலேசு.

### மூன்றையும் சேர்த்து ஒரு கணக்கு

எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று முதலாளிக்குக் காட்ட, அமெரிக்காவின் வேலைத்தலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷின் (NIOSH) சமன்பாடு உதவும். அது 23 கிலோவில் தொடங்குகிறது. ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஒரு பெருக்கெண்ணால் குறைத்துக்கொண்டே போகும். கடைசியில் வருவதுதான் அந்த இடத்தில் தூக்கத் தகுந்த எடை. தூக்குகிற எடையை அதனால் வகுத்தால் 1க்குள் வர வேண்டும்.

- தூரம்: 25ஐக் கணுக்கால் புள்ளியிலிருந்து கை வரையான செ.மீ. அளவால் வகுக்கவும்
- தொடக்க உயரம்: கையின் உயரத்துக்கும் 75 செ.மீ.க்கும் உள்ள வித்தியாசத்தை 0.003ஆல் பெருக்கி 1இலிருந்து கழிக்கவும்
- ஏற்றும் தூரம்: 4.5ஐ ஏற்றும் செ.மீ. அளவால் வகுத்து 0.82உடன் கூட்டவும்
- திருப்பம்: பாகையை 0.0032ஆல் பெருக்கி 1இலிருந்து கழிக்கவும்
- பிடி: சாக்கு மாதிரித் தொய்கிற சுமைக்கு 0.90
- எண்ணிக்கை: நிமிடத்துக்கு இரண்டு, இரண்டு மணித்தியாலம் வரை என்றால் 0.84

ஆறு தொன் அரிசியை ஒருவர் ஏற்றுகிறார் என்று வைப்போம். 25 கிலோ பேக் 240, நிமிடத்துக்கு இரண்டு, இரண்டு மணித்தியாலம். கை தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் தொடங்கி லொறித் தட்டில் 110இல் முடிகிறது. தூரம் 40 செ.மீ., திருப்பம் 45 பாகை.

23 × 0.625 × 0.82 × 0.867 × 0.856 × 0.90 × 0.84 = 6.6 கிலோ. தூக்குவதோ 25. கிட்டத்தட்ட 3.8 மடங்கு.

இப்போது மூட்டையை 75 செ.மீ.க்கு உயர்த்துகிறோம், தூரத்தை 30க்குக் குறைக்கிறோம், லொறியைத் தள்ளி நிறுத்தித் திருப்பத்தை எடுக்கிறோம். ஏற்றும் தூரமும் 35 செ.மீ.க்கு இறங்கிவிட்டது. 23 × 0.833 × 1 × 0.949 × 1 × 0.90 × 0.84 = 13.7 கிலோ. 25ஐ இதனால் வகுத்தால் 1.8 மடங்கு.

பேக் அதே பேக், ஆள் அதே ஆள். சுமை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் 1க்கு வரவில்லை, வரவும் வராது. இந்தச் சமன்பாட்டின் உச்சமே 23 என்பதால் 25 கிலோ பேக் எவ்வளவு நல்ல இடத்தில் இருந்தாலும் கொஞ்சம் மிஞ்சித்தான் நிற்கும். ஒரு அந்தர் (50 கிலோ மட்டில்) சீமெந்து பேக் நிலையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு மடங்குக்கு மேல்.

ஏற்றும் இடத்தைப் போலவே வைக்கும் இடத்தையும் அளக்க வேண்டும். லொறித் தட்டின் உள்ளே கை நீட்டி வைத்தால் அங்கே தூரம் 60 செ.மீ. ஆகிவிடும். தட்டில் ஒருவர் நின்று உள்ளே இழுத்துக்கொண்டால் கீழே இருப்பவர் விளிம்பிலேயே விடலாம்.

### எண்ணிக்கை கூடவா?

வேலை உச்சத்தில் இருக்கும் நேரம் 15 நிமிடம் எண்ணி 15ஆல் வகுங்கள். காலை தேத்தண்ணி நேரத்துக்குப் பக்கத்தில் எண்ணினால் பொய்க் கணக்கு வரும்.

வேகத்தைக் குறைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. மேலே சொன்ன திருத்திய இடத்தில் ஒரே ஆளை நிமிடத்துக்கு ஒன்று என்று மெதுவாக்கினால் வேலை நாலு மணித்தியாலத்துக்கு இழுபடும். இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டிய உடனே பெருக்கெண் 0.75க்கு விழுகிறது, அளவு 12.3 கிலோ. முன்னையதை விடக் குறைவு! இரண்டு பேர் மாறி மாறி, ஆளுக்கு நிமிடத்துக்கு ஒன்று, இரண்டே மணித்தியாலத்தில் முடித்தால் 0.88, அளவு 14.4 கிலோ. ஆகவே மெதுவாக்குவதை விட ஆளைக் கூட்டுவதே மேல். முடித்த பிறகு குறைந்தது முக்கால் மணித்தியாலமாவது பாரமில்லாத வேலை கொடுங்கள்: சாக்குத் தைப்பது, கூட்டுவது, கணக்கு எழுதுவது.

மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால் எந்த எண்ணிக்கையும் காகிதத்தில்தான் நிற்கும். நாள் கூலிக்கோ, குழுவுக்குப் பொதுவான கூலிக்கோ மாறாமல் இதைத் திருத்த முடியாது.

### கடைசியில்தான் எடை

பேக்கைச் சிறிதாக்குவது ஆலைக்காரர் கையில் இருந்தால் 10 கிலோவே நல்ல வழி. மேலே திருத்திய இடத்தில் 10 கிலோ பேக் அளவுக்குள் அடங்கிவிடும். வெளியிலிருந்து வரும் யூரியா, சீமெந்து, சீனி 50 கிலோவில்தான் வரும். அதற்கு ட்ரொலி, கன்வேயர் பெல்ட் என்று போக வேண்டியதுதான்.

இடுப்புப் பெல்ட் வாங்கிக் கட்டினால் போதும் என்று கடையில் சொல்வார்கள். நோவு இல்லாத ஆளுக்கு அது நோவு வராமல் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நயோஷ் 1994இலேயே சொல்லிவிட்டது. அந்தக் காசுக்குப் பல்லட் வாங்கலாம்.

## அறிகுறி: தோளும் கழுத்தும் நோகிறது, மேல் அடுக்கில் மூட்டை திரும்பி விழுகிறது

தோளுக்கு மேலே ஆணுக்கு 10 கிலோ. 25 கிலோ பேக்கைத் தலைக்கு மேல் எறிந்து அடுக்குவது எந்தக் கணக்கிலும் வராது. எறிகிற பேக்குக்கு எந்த அட்டவணையும் பொருந்தாது.

1. மிகக் குட்டையான ஆளின் தோள் உயரத்தில் சுவரில் சோக்கால் கோடு போடுங்கள். கீழே நிற்பவர் அந்தக் கோட்டுக்கு மேல் வைக்கக் கூடாது.
2. இன்னும் உயரம் வேண்டுமானால் அடுக்கைப் படிக்கட்டாக எழுப்புங்கள். ஒரு படி ஒரு மூட்டை உயரம், கால் முழுவதும் பதியும் அகலம். மேலே ஒருவர் நின்று வாங்க வேண்டும். கைக்குக் கை மாறும் இடம் இருவருக்கும் இடுப்புக்கும் மார்புக்கும் இடையில் வர வேண்டும்.
3. ஒவ்வொரு அடுக்கையும் குறுக்கும் நெடுக்கும் மாற்றி வையுங்கள். பொலித்தீன் சாக்கு சறுக்கும். ஒரே திசையில் அடுக்கினால் ஏறி நிற்பவரோடு சரியும்.
4. இதற்கு மேலும் உயரம் தேவையென்றால் இடம் போதாது என்று அர்த்தம். வாடகைக்கு இன்னொரு களஞ்சியமா, சாய்வு கன்வேயரா என்று கணக்குப் பார்க்க வேண்டிய நேரம்.

## அறிகுறி: மூட்டை கையிலிருந்து நழுவுகிறது, சாக்குக் கிழிகிறது

முதலில் வாயைத் தைத்த விதத்தைப் பாருங்கள். மூட்டையைத் தொண்டை வரை நிரப்பித் தைத்தால் பிடிக்க இடமே இருக்காது. இரண்டு மூலையிலும் ஒரு பிடி நெல் நிற்கும்படி விட்டு முறுக்கிக் கட்டித் தைத்தால் இரண்டு காது வரும். கை அதைச் சுற்றிப் பிடிக்கும், விரல் நுனியில் பாரம் தொங்காது.

சணல் சாக்குக்குப் பழகிய கொக்கியைப் பொலித்தீன் சாக்கில் போட்டால் நீளத்துக்குக் கிழியும். கிழிந்த சாக்கைத் தாங்கப் பாய்வதில்தான் முதுகு வெட்டும். "கிழிந்தால் விடு, நெல்லைக் கூட்டி அள்ளலாம்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதற்காகக் கூலியில் வெட்டவும் கூடாது. வெட்டினால் யாரும் விடமாட்டார்கள்.

அடுத்தது ஈரம். எண்ணிக்கையைப் பார்த்து "நேற்றைய மூட்டைதானே" என்று நினைப்போம். உலர்த்தி 14 சதவீத ஈரப்பதத்தில் 60 கிலோ நிற்கிற அதே நெல், வயலிலிருந்து 22 சதவீதத்தில் வரும்போது 66 கிலோ. மழைக்குள் அறுத்த பெரும்போக நெல் வரும் நாளில் பத்து மூட்டையைக் கொக்கித் தராசில் போட்டு, கூடிய எடையையே கணக்குக்கு எடுங்கள். சராசரி முதுகுக்குத் தெரியாது.

மீன் வாடியிலும் இதே கதைதான். பெட்டியில் பனிக்கட்டி உருகித் தேங்கினால் லீற்றருக்கு ஒரு கிலோ சேரும். தூக்குமுன் சரித்து வடிய விடுங்கள். தண்ணீர் பெட்டிக்குள் ஆடும்போது பாரம் ஒரு பக்கம் சாய்வதும் நிற்கும்.

## அறிகுறி: இரண்டு பேர் தூக்கியும் ஒருவருக்கே நோகிறது

இரண்டு பேர் என்றால் இரண்டு மடங்கு என்பது தப்புக் கணக்கு. இருவரின் அளவையும் கூட்டி மூன்றில் இரண்டு பங்கு எடுக்க வேண்டும். மூன்று பேர் என்றால் கூட்டியதில் பாதி. மிக நல்ல உயரத்தில் இரண்டு ஆண்கள்: 25 + 25 = 50, அதில் மூன்றில் இரண்டு 33 கிலோ. மூன்று ஆண்கள்: 37 கிலோ. 50 கிலோ சீமெந்து பேக் இரண்டு பேருக்கும் கூடத்தான், மூன்று பேருக்கும் கூடத்தான். "ரெண்டு பேர் போட்டிருக்கிறேனே" என்பவருக்கு இந்த ஒரு வரியைக் காட்டுங்கள்.

ஒருவருக்கு மட்டும் நோகிறதென்றால்:

- இருவரின் தோள் உயரத்தையும் பாருங்கள். குட்டையானவர் பக்கம் பாரம் இறங்கும். உயரம் ஒத்த சோடியாக மாற்றுங்கள்.
- படியிலோ சரிவிலோ கீழே நிற்பவர் யார்? எப்போதும் அதே ஆள் என்றால் அவர்தான் நோவு என்று வருவார். முறை மாற்றுங்கள்.
- குரல் கொடுப்பது யார்? ஒருவர் மட்டும் "ஒண்டு, ரெண்டு, தூக்கு" சொல்ல வேண்டும். இருவரும் சொன்னால் அரை நொடி பிந்துகிறவர் முழுப் பாரத்தையும் ஒரு கணம் ஏற்பார்.

## அறிகுறி: ட்ரொலி வாங்கியும் நோவு குறையவில்லை

பாரம் தூக்குவதிலிருந்து தள்ளுவதற்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். தள்ளத் தொடங்குவதற்கு ஆணுக்கு 20 கிலோ, பெண்ணுக்கு 15 கிலோ விசை வழிகாட்டி அளவு. உருண்டுகொண்டிருக்கும்போது 10, 7.

அளப்பது இலேசு. ட்ரொலியின் பிடியில் கயிற்றைக் கட்டி, அதில் கொக்கித் தராசை மாட்டி, பிடி உயரத்திலேயே கிடையாக மெதுவாக இழுங்கள். நகரத் தொடங்கும் அந்தக் கணத்து எண்தான் தொடக்க விசை. மூன்று தடவை இழுத்துக் கூடியதை எடுங்கள்.

டயர்: காற்றுக் குறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோளாறில் பாதி இங்கேயே தீரும். அடுத்து பேரிங்கில் நெல் தூசும் சாக்கு நூலும் சுற்றியிருக்கும். வெட்டி எடுத்துக் கிரீஸ் போடுங்கள்.

தரை: சமமான சீமெந்துத் தரையில் குறைந்தது மொத்த எடையின் 2 சதவீத விசை வேண்டும். மணலிலும் குழியிலும் 10 சதவீதம் மட்டில் போகும். வண்டியோடு 300 கிலோ என்றால் 6 கிலோ விசை 30 ஆகிறது. கரையோரத்து மணல் வளவுகளில் ட்ரொலி தோற்பது இதனால்தான். ஸ்டோர் வாசலிலிருந்து லொறி நிற்குமிடம் வரை மட்டும் ஒரு வரிசை கொங்கிரீட் தட்டுப் பதித்தால் போதும், வளவு முழுக்கத் தளம் போடத் தேவையில்லை.

சரிவு: ஒரு மீற்றருக்கு 5 செ.மீ. ஏறினால் அது 3 பாகை. அந்தச் சின்னச் சரிவே 300 கிலோவுக்கு இன்னும் 16 கிலோ விசை கேட்கும். சரிவை நீட்டிப் படுக்க வையுங்கள், அல்லது தடவைக்கு ஏற்றும் மூட்டையைக் குறையுங்கள்.

பிடி: இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் இருக்க வேண்டும். தாழ்ந்த பிடிக்கு வெல்டிங் கடையில் ஒரு குழாயை ஒட்டி உயர்த்தலாம்.

## அறிகுறி: முதுகில் சுமந்து போகும்போது கால் தள்ளாடுகிறது

மேலே சொன்ன அட்டவணை முதுகிலும் தலையிலும் சுமப்பதற்கு எழுதப்பட்டதல்ல. கையால் உடம்போடு அணைத்துப் பிடித்து 10 மீற்றர் வரை நடப்பதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். லொறித் தட்டிலிருந்து தோளுக்கு நேராகச் சரித்து வாங்கினால் (தரையிலிருந்து தூக்காமல்) அதற்கு மேலும் நடக்கலாம்.

நடக்கும் தூரத்தைக் காலடியால் அளங்கள். 10 மீற்றரைத் தாண்டினால் லொறியைக் கிட்ட எடுப்பதுதான் முதல் திருத்தம். அடுத்தது லொறிக்கு ஏறும் பலகை. ஒற்றைப் பலகை பாரத்தில் வளையும், ஆள் நடக்கும் தாளத்துக்கு ஆடும். இரண்டு பலகையைச் சேர்த்து அடியில் குறுக்குச் சட்டம் அடித்து, மேலே சாணுக்கு ஒன்றாக மெல்லிய றீப்பைத் துண்டு ஆணியடியுங்கள். மேல் நுனியை லொறியோடு கயிற்றால் கட்டுங்கள். பலகையில் சிந்திய நெல் குண்டு மணி மாதிரி உருளும். ஒரு விளக்குமாறு பக்கத்திலேயே நிற்கட்டும்.

## அறிகுறி: பதினொரு மணிக்குப் பிறகு வேகம் விழுகிறது, தலை சுற்றுகிறது

சிறுபோக அறுவடை நேரம், கச்சான் காற்று அடிக்கும் நாள், தகரக் கூரை. இதில் காலைக் கணக்கு மத்தியானத்துக்குப் பொருந்தாது.

தாகம் வரட்டும் என்று காத்திராமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கப், 240 மில்லிலீற்றர் மட்டில், தண்ணீர் குடிக்க வேண்டும். குடம் அடுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆலையின் மறு கோடியில் இருந்தால் மூட்டைக் கூலிக்கு நிற்பவர் நடந்து போய்க் குடிக்கமாட்டார். பாரமான லொறிகளைக் காலை ஆறிலிருந்து பத்துக்குள் வரச் சொல்லுங்கள். புதிதாக வந்தவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஒரு பங்காகக் கூட்டுங்கள். பழையவர் இரண்டு கிழமை லீவில் நின்று வந்தாலும் மெல்லத்தான் ஏற்ற வேண்டும்.

பேச்சுக் குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், தோல் நெருப்பாகச் சுட்டால் வேறெதையும் பார்க்காதீர்கள். உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். அது வரும் வரை நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

## அறிகுறி: கணக்கெல்லாம் சரி, ஆனாலும் ஆட்கள் நோவு என்கிறார்கள்

கணக்கில்தான் எங்கோ பிழை. நீங்கள் ரேப்போடு நிற்கும்போது எல்லாரும் ஒழுங்காகத் தூக்குவார்கள். நீங்கள் போன பிறகு லொறிக்காரர் அவசரப்படுத்துவார். தூர நின்று இன்னொரு நாள் எண்ணிப் பாருங்கள்.

ஆளையும் பாருங்கள். முன்பு முதுகில் அடிபட்டவர், கர்ப்பிணி, பிள்ளை பெற்று அதிக நாள் ஆகாதவர், இவர்களுக்கு அட்டவணை பொருந்தாது. மருத்துவர் சொல்வதே அளவு. 18 வயதுக்குக் கீழே உள்ள பொடியனை அறுவடை நேரம் "சும்மா கைக்கு உதவி" என்று கூடப் பார மூட்டையில் விடக் கூடாது. பகலில் ஆலையில் நிற்பவர் இரவில் தோணி தள்ளுகிறாரா, சொந்த வயலில் மருந்துத் தாங்கி சுமக்கிறாரா என்றும் கேளுங்கள். முதுகு ஒன்றுதான்.

## எந்த இடத்தில் வெளியாளைக் கூப்பிட வேண்டும்

மருத்துவரிடம், அன்றைக்கே: முதுகு நோவோடு கால் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுபட்டாலோ, தொடையிடுக்கில் புதிதாக வீக்கம் தெரிந்து, தூக்கும்போது புடைத்தாலோ, விழுந்த பிறகு நடு முள்ளந்தண்டில் தொட்டால் நோகும் இடம் இருந்தாலோ. அந்த வீக்கம் உள்ளே போகாமல் நின்று வலியும் வாந்தியும் வந்தால் ஒரு மணித்தியாலம் கூடப் பிந்தக் கூடாது. சிறுநீர் போவது தெரியாமலோ போக முடியாமலோ ஆனால், உட்காரும் இடத்தில் (பிட்டம், தொடையிடுக்கு) உணர்ச்சி குறைந்தால், அதுவும் அப்படித்தான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, அம்பாறைப் பொது வைத்தியசாலைக்கோ, கிட்டிய ஆதார வைத்தியசாலைக்கோ நேரே கொண்டுபோங்கள். வெறும் தசைப்பிடிப்புக்கு எண்ணெய் போட்டு உருவுவது வேறு விசயம். கால் மரத்த ஆளை முறிவு வைத்தியரிடம் உருவக் கொண்டுபோகாதீர்கள்.

பொறியியலாளரிடம்: கன்வேயர், செயின் புளொக், கூரைச் சட்டத்தில் மாட்டும் கப்பி எதையும் வெல்டிங் கடைக் கணிப்பில் போடக் கூடாது. கூரைச் சட்டம் கூரையைத் தாங்கப் போட்டது. அது அரைத் தொன்னைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்லத் தகுதியானவர் வர வேண்டும்.

தொழில் திணைக்களத்திடம்: எல்லாத் திருத்தமும் செய்த பிறகும் ஒரே இடத்தில் வழிகாட்டி அளவின் இரண்டு மடங்கு தாண்டி நின்றால், அல்லது ஒரே வேலையில் இரண்டு பேருக்கு மேல் நோவில் விழுந்தால், மாவட்டத் தொழில் அலுவலகம் மூலம் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளரைக் கேளுங்கள். தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கென்றே 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய நிறுவனமும் இருக்கிறது. வேலையில் அடிபட்டவருக்கு நட்டஈடு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும். அதற்காக, காயப்பட்ட நாளிலேயே திகதி, நேரம், தூக்கிய பொருளின் எடை, தூக்கிய உயரம், பக்கத்தில் நின்றவர் பெயர் ஐந்தையும் ஒரு கொப்பியில் எழுதி, அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து அடிபட்டவரிடமும் கொடுத்துவிடுங்கள்.